மாமியார் இல்லாத வகை

அந்த அறையில் ஒழுங்கு என்றால் கெட்ட செய்தி.

வேறு எந்த வீட்டிலும், எந்த அலுவலகத்திலும், எல்லாம் ஜோடி ஜோடியாக, கண்ணுக்கு அழகாக இருந்தால் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருந்த சின்னவளோ முகம் சுளித்தாள். சிவப்புச் சாயம் ஏறிய செல்லுக்குள் குரோமோசோம்கள் வளையம் வளையமாக, தத்தம் ஜோடியோடு கைகோத்து நின்றன. பக்கத்துச் செல்லிலும் அப்படியே. கண்ணாடித் தகட்டைக் கொஞ்சம் நகர்த்தினாள். அங்கும் அப்படியே. ஒன்றாவது முறைகெட்டு நிற்காதா என்று தேடித் தேடிக் கண் எரிந்ததுதான் மிச்சம்.

சின்னவள் என்பது வீட்டில் வைத்த பெயர். இளைய மருமகள் என்பதால் சின்னவள். கோதுமை ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வேறு பெயர்: கட்டைவிரல். இலையுறைக்குள் இன்னும் ஒளிந்திருக்கும் இளங்கதிரைப் பிரித்து, எள்ளைவிடச் சிறிய மகரந்தப்பையை ஊசியால் எடுத்து, ஒரு சொட்டுச் சாயத்தில் குத்திக் கலைத்து, மேலே மெல்லிய கண்ணாடியை மூடி, ஒற்றுத்தாள் வைத்து, கட்டைவிரலால் ஒரே அழுத்து. அதுதான் அவள் வேலை. விரல் பக்கவாட்டில் ஒரு மயிரிழை வழுக்கினால் போச்சு. அழுத்தம் குறைந்தால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கூடினால் சேர்ந்திருக்கும் ஜோடி பிய்ந்துகொள்ளும். மற்றவர்கள் ஒரு தகடு செய்து பார்த்துவிட்டு எழுதிவிடுவார்கள். சின்னவள் அப்படியில்லை. தகட்டில் எது தெரிந்தாலும் முதலில் தன் விரலைத்தான் சந்தேகப்படுவாள். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஜாதி.

அன்று அவள் தேடிக்கொண்டிருந்தது என்ன என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒழுங்கைப் பார்த்து ஒருத்தி ஏன் கலங்க வேண்டும் என்று தோன்றும்.

கோதுமை ஒரு கூட்டுக்குடும்பம். எந்தக் காலத்திலோ மூன்று வகைப் புற்கள் கலந்து பிறந்தது. அதனால் அதன் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் சொந்த ஜோடி ஒன்று உண்டு. அது போக, வேறு புல்லிலிருந்து வந்து கிட்டத்தட்ட அதே முகஜாடையில் இருக்கிற உறவுகளும் உண்டு. மகரந்தம் உருவாகும் நேரத்தில் ஒவ்வொன்றும் தன் ஜோடியைத் தேடிப் பிடித்து, சேர்ந்து, கொஞ்சம் துண்டுகளைக் கைமாற்றிக்கொண்டு, பிறகு ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போக வேண்டும். முகஜாடை உறவுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பங்கீடு குழம்பிவிடும். மகரந்தம் பாழ், மணி பிடிக்காது. அப்படி ஒட்டவிடாமல் காவல் காப்பது ஒரு மரபணு.

தலைமை ஆய்வாளர் இதை அவளுக்கு விளக்கிய விதமே தனி. எதைக் கேட்டாலும் "ஒரு நிமிஷம்" என்று எழுந்து போய், திரும்பி வராதவர் என்பதால் அவருக்கு 'ஒரு நிமிஷம் சார்' என்று பெயர். அன்று மட்டும் உட்கார்ந்து சொன்னார்.

"இங்க பாரும்மா. அந்த முகஜாடைக் குரோமோசோம் எல்லாம் ஓரகத்திங்க. வேற வேற வீட்டுல பொறந்து ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டதுங்க. அந்த மரபணு இருக்கே, அது மாமியார். மாமியார் முழிச்சிருக்கற வரைக்கும் ஓரகத்திங்க ஒண்ணா உக்காந்து பேச முடியுமா? அவ இல்லாத வீட்டுலதான் நகை கைமாறும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவளும் சிரித்தாள். அவளும் ஒரு வீட்டில் ஓரகத்திதான்.

நகை கைமாறுவதுதான் அவருக்கு வேண்டும். துருநோய் என்று ஒன்று. கோதுமை இலையில் செம்பொடி தூவினதுபோல வந்து, ஊரையே காலி செய்துவிட்டுப் போகும். வாய்க்கால் ஓரம் முளைக்கிற ஒரு காட்டுப்புல்லை மட்டும் அது தொடுவதில்லை. அந்தப் புல்லின் குரோமோசோமில் ஒரு துண்டு கோதுமைக்கு வந்துவிட்டால் போதும். ஆனால் புல்லும் கோதுமைக்கு ஓரகத்தி முறை. மாமியார் இருக்கும்வரை கொடுக்கல் வாங்கல் நடக்காது. அதற்காகத்தான் வேறொரு நிலையத்திலிருந்து வாங்கி வந்து, விதைக் கிடங்கில் ஒரு தனிப் பெட்டியில் வைத்து, பருவத்துக்குப் பருவம் விதைத்து அறுத்துக் காப்பாற்றிவந்த வகை அது. பெட்டியின் மேல் ஏதோ எண் இருக்கும். எல்லார் வாயிலும் அது 'மாமியார் இல்லாத வகை'தான். மரபணு இருக்கும் செடியும் இல்லாத செடியும் அதில் கலந்துதான் பிறக்கும். இல்லாத செடியைக் கண்டுபிடித்து, அதன் பூவைத்தான் கலப்புக்கு எடுக்க வேண்டும். இந்தப் பருவம் கலப்பு நடத்த அனுமதி வந்துவிட்டது. கதிர் வெளியே வர இன்னும் சில நாள்தான்.

மாமியார் இல்லாத செடி நுண்ணோக்கியில் பார்த்தவுடன் தெரியும். மூன்றும் நான்குமாகச் சங்கிலி கோத்துக்கொண்டு, ஒன்றிரண்டு துணையில்லாமல் மூலையில் நின்றுகொண்டு, ஒரே ரகளையாக இருக்கும். சின்னவள் அந்த ரகளையைத்தான் தேடினாள். செடி மாற்றிச் செடி பார்த்தாள். எல்லாமே வளையம். எல்லாமே நல்ல குடும்பம்.

வழக்கம்போலத் தன்னைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள். சாயம் பழசோ என்று புதிதாகக் காய்ச்சினாள். மெதுவாக அழுத்திப் பார்த்தாள், பலமாக அழுத்திப் பார்த்தாள். வேறு வரிசையிலிருந்து கதிர் கொண்டுவந்தாள். தேடியது எங்கும் கிடைக்கவில்லை. பெட்டியிலிருந்த வகை காணாமல் போயிருந்தது. பெட்டி நிறைய விதை இருந்தது. வகைதான் இல்லை.

அன்று மாலை அவளும் பெரியவளும் வழக்கம்போல ஒன்றாகக் கிளம்பினார்கள்.

பெரியவள் அவள் கணவனின் அண்ணன் மனைவி. மேல்வீட்டில் அவர்கள், கீழ்வீட்டில் இவர்கள், சமையல்கட்டு ஒன்று. பெரியவள் அந்த நிலையத்தின் விதைக் கிடங்கில் வெகுநாளாகத் தற்காலிக ஊழியர். சின்னவளை அங்கே சேர்த்துவிட்டதும் அவள்தான். "எங்க வீட்டுப் பொண்ணு சார், கை சுத்தம்" என்று ஒரே வாக்கியம். கிடங்கைப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் சிபாரிசு தேவைப்படாது. பெட்டிகள் அளவு வாரியாக, முகப்பு ஒரே கோட்டில், ஒரு தூசி கிடையாது. வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது. பெரியவளை நிரந்தரமாக்குவதா இல்லையா என்று அன்று முடிவாகும். இதற்கு முன்னும் இரண்டு தடவை கூடி, ஏதோ காரணம் சொல்லித் தள்ளிப்போட்டார்கள். இந்தத் தடவை சார் கைப்பட எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

"வெள்ளிக்கிழமைக்கு அந்த நீலப் புடவையா, கோடு போட்டதா?" என்றாள் பெரியவள் நடந்துகொண்டே.

"நீலம்."

"நீலம் கொஞ்சம் வெளுத்திருக்கு."

"அப்ப கோடு."

"என்னடி, எதைச் சொன்னாலும் தலையாட்டறே? ஒடம்பு சரியில்லையா?"

"கண்ணு எரியுது, அவ்வளவுதான்."

காய்கறிக் கடையில் நின்றார்கள். பெரியவள் தக்காளிக் கூடைக்கு முன்னால் குனிந்தாள். அவள் தக்காளி பொறுக்குவதை வேடிக்கை பார்க்கவே சிலர் நிற்பார்கள். ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பி, காம்புப் பக்கம் பார்த்து, லேசாக ஒரு அழுத்து. நசுங்கினது ஒரு பக்கம், வடுப்பட்டது ஒரு பக்கம், உருண்டை திரண்டது மட்டும் பைக்குள்.

கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா வந்துட்டுப் போனா மிச்சத்தை நான்தான் திங்கணும்."

"தின்னுங்களேன். நீங்க வாங்கறப்பவே பாத்து வாங்கியிருந்தா இந்தப் பேச்சு வருமா?"

"எல்லாரும் நல்லதையே எடுத்தா, கெட்டதை யாரும்மா எடுக்கறது?"

சின்னவள் கூடையில் மிஞ்சிய தக்காளிகளைப் பார்த்தாள். கோணல், சப்பை, வெடிப்பு. பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"அக்கா, அறுப்பு முடிஞ்சு அடுத்த பருவத்துக்கு விதை எடுக்கறப்ப, எந்தக் கதிரை எடுப்பே?"

"இது ஒரு கேள்வியா? நல்லா நெறஞ்ச கதிரைத்தான்."

"எல்லா வகைக்குமா?"

"எல்லா வகைக்கும்தான். ஒண்ணுக்கு ஒரு நியாயம், இன்னொண்ணுக்கு ஒரு நியாயமா?" பெரியவள் காசைக் கொடுத்துவிட்டுப் பையைத் தூக்கினாள். முகத்தில் ஒரு பூரிப்பு. "உங்க சாரோட அந்த மாமியார் வகை இருக்கே. நான் கிடங்குக்கு வந்தப்ப அதைப் பாத்திருக்கணும் நீ. கதிரா அது? பல்லு விழுந்த வாயி. இங்க ஒரு மணி, அங்க ஒரு மணி. பாக்கவே பாவமா இருக்கும். நெறஞ்சதாப் பாத்துப் பொறுக்கிப் பொறுக்கி, வருஷா வருஷம் தேத்தி, இப்ப எப்படி ஆக்கி வெச்சிருக்கேன் தெரியுமா? மத்த கோதுமைக்குப் பக்கத்துல வெச்சா வித்தியாசமே தெரியாது!"

வித்தியாசமே தெரியாது. அதுதான் விஷயம். பல் விழுந்த கதிர்கள்தான் மாமியார் இல்லாத செடிகள். நிறைந்த கதிர்கள் மாமியார் இருக்கிற செடிகள். பெரியவள் ஒவ்வொரு பருவமும் ஆசை ஆசையாய் மாமியாரைத் தேடித் தேடி எடுத்துவைத்து, இல்லாததைக் குப்பையில் கொட்டியிருக்கிறாள். சோம்பேறி ஒருத்தி கையில் சிக்கியிருந்தால், அள்ளினது ஆயிற்று போட்டது ஆயிற்று என்று விட்டிருப்பாள், வகை பிழைத்திருக்கும்.

வீடு வரும்வரை சின்னவள் அன்று பார்த்த தகடுகளை ஒவ்வொன்றாக மனசுக்குள் திரும்பப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக, தப்பு தன்னுடையதாக இருந்துவிடட்டும் என்று ஆசைப்பட்டாள். விரல் வழுக்கியிருக்கட்டும், சாயம் கெட்டிருக்கட்டும், எண்ணைத் தப்பாகப் படித்திருக்கட்டும். எப்போதும் கூப்பிடாமலே வந்து நிற்கிற சந்தேகம் அன்றைக்குப் பார்த்துக் கூப்பிட்டும் வரவில்லை.

மாமியார் ஊரில் இல்லை. பிரசவத்துக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தார். ஆண்கள் இருவரும் வேலையிலிருந்து வரவில்லை. சமையல்கட்டில் பெரியவள் வெங்காயம் நறுக்க, சின்னவள் சொன்னாள். சுற்றி வளைக்காமல்தான் சொன்னாள். ஆனால் பாதியில் இரண்டு தடவை, "நான் சரியாச் சொல்றேனான்னு தெரியல" என்றாள்.

பெரியவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் குப்பையை எடுத்து வெச்சிருக்கணும்ங்கறே."

"அந்த ஒரு வகைக்கு மட்டும்க்கா."

"எனக்கு யாருடி சொன்னாங்க? பெட்டியைக் குடுத்தாங்க, பத்திரமா வெச்சுக்கோன்னாங்க. வெச்சுக்கிட்டேன். மாமியார் வகை, மாமியார் வகைன்னு எல்லாரும் சிரிப்பீங்க. என்னைக் கிண்டல் பண்றீங்கன்னு நெனச்சேன்."

"நான் உன்மேல தப்புன்னு சொல்லலை."

"குழு சொல்லும்." வெங்காயத்தாலோ என்னவோ கண் கலங்கியிருந்தது. புறங்கையால் துடைத்தாள். "யாருக்கெல்லாம் தெரியும்?"

"இன்னும் யாருக்கும் இல்ல. நாளைக்கு சார் கேப்பார்."

பிறகு பெரியவள் குரலை இறக்கிப் பேசினாள். அவள் குரலை இறக்கினால்தான் பயம்.

"ஒண்ணு செய். சரியா அமுக்கலை, தெளிவாத் தெரியலை, மறுபடி பாக்கணும்னு சொல்லிடு. வெள்ளி வரைக்கும்தான். அப்புறம் நீயே பாத்துக் கண்டுபிடிச்ச மாதிரி சொல்லு. எப்பவும் சொல்றதுதானே நீ? சாப்பாட்டுல உப்பு போட்டியான்னு கேட்டாக்கூட 'போட்டேன்னு நெனக்கறேன்'ம்பே. உன்னை யாரும் தப்பா நெனக்க மாட்டாங்க."

குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னாள். அதனால் கூடுதலாக வலித்தது. செய்துவிடவும் முடியும் என்று சின்னவளுக்குத் தெரிந்தது. சார் "ஒரு நிமிஷம்" என்று நகர்ந்துவிடுவார். அதற்குள் கதிர்கள் வெளியே வந்துவிடும். மாமியார் இருக்கிற செடிகளின் பூக்களை, மாமியார் இல்லை என்று நம்பி, இடுக்கி பிடித்துக் கலந்துகொண்டிருப்பார்கள். அடுத்த வருஷம் ஒன்றுமே கைமாறவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். எங்கோ ஒரு வயலில் அந்தச் செம்பொடி அதுபாட்டுக்குப் பரவிக்கொண்டிருக்கும்.

ஆனால் அவள் வாயில் வந்தது இது எதுவும் இல்லை.

"அமுக்கினா பிரியும்க்கா," என்றாள். "அமுக்கினா சேராது."

"என்னடி சொல்றே?"

"என் விரல் தப்புப் பண்ணியிருந்தா, சேந்து இருக்கறது பிஞ்சு தெரியும். அலங்கோலமாத் தெரியும். இங்க எல்லாம் அழகா, ஜோடி மாறாம நிக்குது. என்னால ஒண்ணைக் குலைக்க முடியும். சேத்து வெக்க என் விரலால முடியாது. யாராலயும் முடியாது. அப்ப அது நெஜம்."

பெரியவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு நாளாவது நிச்சயமாப் பேசமாட்டியான்னு கேட்டிருக்கேன். இன்னிக்குத்தானா பேசணும்?" என்றாள். வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு மாடிப்படி ஏறினாள்.

மறுநாள் காலை சின்னவள் சாரிடம் சொன்னாள். அவர் பாதி எழுந்திருந்தார், "ஒரு நிமி—" வரை வந்திருந்தார். உட்கார்ந்துவிட்டார். நுண்ணோக்கியில் தானே பார்த்தார். அடுத்த தகடு, அதற்கடுத்தது. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இந்த வகையைப் பொக்கையாத்தான் வெக்கணும்னு கிடங்குல சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலை சார்."

"நான் சொல்லலையா?"

"எங்கிட்ட சொன்னீங்க. நகை கைமாறும்னு."

அவர் சிரிக்கவில்லை. "உங்கிட்ட சொன்னேன். அவங்ககிட்ட பெட்டியை மட்டும் குடுத்தேன்," என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "குழுவுக்கு இதை மறைச்சு எழுத முடியாதும்மா. என்னோட பங்கையும் சேத்துத்தான் எழுதுவேன். ஆனா படிக்கறவங்க எந்த வரியைப் படிப்பாங்கன்னு சொல்ல முடியாது."

அதன்பிறகு வீடு வீடாக இல்லை. பெரியவள் பேச்சை நிறுத்தினாள். சமையல்கட்டு ஒன்று என்பதால் முழுக்க நிறுத்தவும் முடியவில்லை. அதனால் பாத்திரங்களோடு பேசினாள். "உப்பு தேடறவங்களுக்கு உப்பு மேல்தட்டுல இருக்கு" என்று அடுப்புக்குச் சொன்னாள். "நிச்சயமாத் தெரிஞ்சவங்கதான் இனிமே எல்லாம் செய்யணும்" என்று கரண்டிக்குச் சொன்னாள். ஆண்கள் இருவரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துகொண்டார்கள்.

மாமியார் தொலைபேசியில் கூப்பிட்டார். பெரியவளிடம் பேசினார், சின்னவளிடம் பேசினார். இருவரும் "ஒண்ணுமில்ல அத்தை" என்றார்கள்.

"ஒருத்தி ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்ல. ரெண்டு பேரும் சொன்னா என்னமோ இருக்கு," என்றார் அவர். "நான் கெளம்பி வரட்டுமா?"

"வேண்டாம்" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். சொன்ன பிறகு ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

சாரின் உவமை இந்த வீட்டுக்குப் பொருந்தாது என்று சின்னவளுக்குத் தோன்றியது. இங்கே மாமியார் இருக்கும்போதுதான் ஓரகத்திகள் சேர்ந்திருந்தார்கள். ஒருத்தி சொன்ன சொல்லை இன்னொருத்தியிடம் கொண்டுபோகும்போது, அதிலிருந்த முள்ளையெல்லாம் அந்த அம்மாள் வழியிலேயே எடுத்துவிடுவார். அவர் எடுத்துப் போட்டது எவ்வளவு என்று இப்போதுதான் தெரிந்தது.

குழு கூடுவதற்கு முந்தின நாள் ஆய்வறைக் கதவு தள்ளப்பட்டது. பெரியவள். கையில் ஈரத்துணியில் சுற்றிய கோதுமைத் தண்டுகள். காலில் சேறு. கிடங்கை விட்டு அவள் இந்தப் பக்கம் வந்ததே கிடையாது.

"இதைப் பாரு," என்றாள். மூன்று நாளில் முதல் முறையாகப் பாத்திரம் எதுவும் நடுவில் இல்லாமல் பேசினாள்.

"எங்கேர்ந்துக்கா?"

"வயல்லேர்ந்து. வேற எங்கேர்ந்து? நீ நல்லா வளந்த செடியாப் பாத்து எடுத்துட்டு வந்திருப்பே. நான் மட்டும்தான் நல்லதாப் பாத்து எடுக்கறவளா?"

சின்னவள் திகைத்தாள். உண்மைதான். கதிர் எடுக்கப் போனபோது அவள் கையும் தன்போக்கில் திடமான தண்டைத்தான் பற்றியது. வரப்போரத்து நோஞ்சான்களை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதை இதுவரை தப்பென்று சந்தேகப்படக்கூடத் தோன்றவில்லை. சந்தேகப்படுவதையே தொழிலாக வைத்திருந்தவளுக்கு.

"நோஞ்சானா இருந்தா அந்த வகைன்னு அர்த்தமில்லைக்கா. தண்ணி பாயாததால இருக்கலாம். மாமியார் இல்லாத செடி நல்லாக்கூட வளரலாம்."

"தெரியும். அதனாலதான் எல்லாத்துலயும் ஒண்ணு கொண்டுவந்தேன். நோஞ்சான், நெட்டை, குட்டை. எந்தத் தண்டு எந்தச் செடின்னு நூல் கட்டியிருக்கேன். பொறுக்கலை. பொறுக்காம ஒண்ணைச் செய்யறது எனக்கு எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியாது. நீ அமுக்கு."

சின்னவள் அமுக்கினாள். பெரியவள் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, தண்டை விரலால் உருவி, இலையுறைக்குள் கதிர் எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்துப் பிரித்துக் கொடுத்தாள். ஒரு தகடு. வளையம். இன்னொன்று. வளையம். சின்னவள் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாள், பெரியவள் அந்த நூலை அவிழ்த்து ஓரமாக வைத்தாள். ஓரத்தில் நூல்கள் சேர்ந்துகொண்டே போயின. ஈரத்துணியில் தண்டுகள் குறைந்துகொண்டே வந்தன. மதியச் சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

பிறகு ஒரு தகட்டில் சின்னவள் தலையை அசைக்கவில்லை. குவியத்தைத் திருகினாள். தகட்டை நகர்த்தினாள். திரும்பப் பழைய இடத்துக்கே வந்தாள்.

"என்ன?"

"இரு."

அதே செடியின் இன்னொரு மகரந்தப்பையை எடுத்து, இன்னொரு தகடு செய்தாள். இந்தத் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெகு மெதுவாக, பூவை ஒற்றுவதுபோல அழுத்தினாள். பிய்ந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. தானே சொல்லிவிடக் கூடாது. பார்த்தாள். நான்கு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சங்கிலி. பக்கத்தில் மூன்று. மூலையில் துணையில்லாமல் இரண்டு. விரல் அழுத்தத்தால் சங்கிலி உண்டாகாது.

"அக்கா, வந்து பாரு."

பெரியவள் ஒரு கண்ணை மூடி இன்னொரு கண்ணை வைத்தாள். வெகுநேரம் ஒன்றும் தெரியவில்லை என்றாள். தன் இமைமயிர்தான் தெரிகிறது என்றாள். சின்னவள் அவள் தலையைப் பிடித்துக் கொஞ்சம் பின்னால் இழுத்தாள்.

"ம். சிவப்பா… நூல் கண்டு பிரிஞ்சு கெடக்கற மாதிரி. இதுவா?"

"இதேதான். எப்படி இருக்கு?"

"என் கிடங்குல இப்படி இருந்தா நான் ரெண்டு நாள் தூங்க மாட்டேன்." கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "இதையா நான் வெளிய கொட்டினேன்?"

"இதைத்தான்."

"இது எவ்வளவு விதை குடுக்கும்?"

"ஒரு கதிருக்கு அங்கொண்ணு இங்கொண்ணு. எல்லாம் சுருங்கினதா இருக்கும்."

பெரியவள் நிமிர்ந்தாள். அந்தத் தண்டின் நூலை விரலில் சுற்றிக்கொண்டாள். "வாய்க்கால் பக்கத்து வரிசை. பாக்க நல்லா நிமுந்துதான் நிக்குது," என்றாள். மற்ற தண்டுகளையும் பார்த்து முடித்தார்கள். அந்த ஒரு செடிதான்.

வெள்ளிக்கிழமை சின்னவள் குழு அறைக்கு வெளியே நின்றாள். உள்ளே பேசுவது கேட்கவில்லை. ஒரு தடவை சிரிப்புச் சத்தம் வந்தது. கதவு திறந்து, கோடு போட்ட புடவையில் பெரியவள் வந்தாள்.

"என்னக்கா கேட்டாங்க?"

"சார் எழுதினதைப் படிச்சாங்க. அவர் அவர்மேலயும் எழுதியிருந்தார். ஒருத்தர் கேட்டார், 'ஏம்மா, நல்ல விதையை எடுத்து வெச்சது தப்பா?'ன்னு. அந்த ஒரு பெட்டிக்குத் தப்பு, மத்த பெட்டிக்கெல்லாம் சரின்னேன். 'அது எந்தப் பெட்டின்னு நீங்க ஏன் கேக்கலை?'ன்னார். கேக்கணும்னு தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பேன்னேன். சிரிச்சாங்க."

"அப்புறம்?"

"இந்த வருஷம் இல்லையாம்." வாசல் படியில் ஒரு கணம் நின்றாள். "அந்தச் செடி விதை குடுக்கட்டும். அந்த விதை கிடங்குல கெடாம, போட்டா மொளைக்கற மாதிரி இருக்கட்டும். அறுப்புக்கு அப்புறம் கூப்பிடறோம்னாங்க. என் வேலை இப்ப அந்தப் பொக்கை வாய் கையில இருக்கு."

மன்னித்துவிடு என்று சின்னவள் சொன்னால் அது பொய்யாகிவிடும். மறுபடி நடந்தாலும் அதையேதான் சொல்வாள். வருத்தம் இல்லை என்று சொன்னால் அதைவிடப் பெரிய பொய். சொன்னது சரிதானா என்று அவளுக்குத் துளிச் சந்தேகம்கூட இல்லாதது அவளுக்கே விநோதமாக இருந்தது. சந்தேகம் இல்லாமல் இருந்தால் மனசு லேசாக இருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் இல்லை.

பெரியவள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கிடங்குப் பக்கம் நடந்தாள். உள்ளே போய்ப் பழைய வலை ஒன்றை உதறி எடுத்துக்கொண்டு வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்கால் வரப்பில் இறங்கினாள். சின்னவள் பின்னாலேயே போனாள். கதிர் இன்னும் உறையை விட்டு வெளியே வரவில்லை, ஆனாலும் குருவிகள் ஏற்கெனவே அந்த வரிசைக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தன. மற்ற செடிகளுக்கு நடுவே அந்தச் செடி, நூல் கட்டியிருந்ததால் மட்டுமே தெரிந்தது. பெரியவள் சுற்றிலும் நான்கு குச்சி ஊன்றினாள். வலையின் ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு இன்னொரு முனையை நீட்டினாள்.

"அக்கா, கோவம் போச்சா?"

"போகலை," என்றாள் பெரியவள், குச்சியில் முடிச்சுப் போட்டுக்கொண்டே. "அந்த முனையை நல்லா இழுத்துப் பிடி. தொய்யுது."